ஏழு வயது மகள் கண் பரிசோதனையில் "தெரியவில்லை" என்று நடிக்கிறாள். கண்ணாடி வாங்கித் தரலாமா?

முல்லை:

வணக்கம். நான்கு நாட்களாக மனம் ஒரு நிலையில் இல்லை. இதைக் கடந்து வந்தவர்கள் இருந்தால் வழி சொல்லுங்கள்.

என் மகளுக்கு ஏழு வயது. பள்ளியில் நடந்த கண் பரிசோதனையில் அட்டையின் நான்காவது வரிக்குக் கீழே எதுவும் தெரியவில்லை என்று சொல்லியிருக்கிறாள். மருத்துவரிடம் காட்டச் சொல்லி வீட்டுக்குச் சீட்டு வந்தது. பதறிப்போய் மறுநாளே கண் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். அங்கும் அதே கதைதான். மேலே உள்ள பெரிய எழுத்தைப் படித்தாள். அடுத்த இரண்டு வரிகளையும் படித்தாள். நான்காவது வரியில் ஒவ்வோர் எழுத்துக்கும் நீண்ட நேரம் எடுத்துக்கொண்டு, அதன்பின் கண்ணைச் சுருக்கி "மங்கலாக இருக்கிறது" என்றாள். இரண்டு கண்ணுக்கும் 6/18 என்று எழுதினார்கள். நல்ல கண் 18 மீட்டரிலிருந்து படிப்பதை இவள் 6 மீட்டரில்தான் படிக்கிறாள் என்று அதற்குப் பொருளாம்.

பிறகு பரிசோதனை செய்தவர் அந்தக் கனமான வட்டச் சட்டத்தை மூக்கில் மாட்டி, அதில் இரண்டு லென்ஸ்களைப் போட்டார். உடனே கடகடவென்று கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டாள். எனக்கு உயிர் திரும்பி வந்தது போல இருந்தது. ஆனால் அவர் என்னைப் பார்த்து, "இதில் பவரே இல்லை அம்மா. ஒன்றை ஒன்று அடித்துக்கொள்ளும் லென்ஸ்கள்தான் போட்டேன். கண்ணில் ஒன்றும் இல்லை, நடிக்கிறாள்" என்றார். அவளை வைத்துக்கொண்டே சொன்னார். அந்தச் சட்டம் இன்னும் அவள் மூக்கில்தான் இருந்தது. இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டாள். கழற்ற விடவில்லை.

அவளுக்குக் கண் தெரியும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. வரும் பஸ்ஸின் எண்ணை எனக்கு முன்னால் படிப்பவள். தரையில் உருண்டோடிய மணியை விளக்குப் போடாமலே தேடி எடுப்பவள். பிறகு ஏன் இந்தப் பொய்?

எனக்கோ நேரமும் இல்லை. மூத்தவனுக்கு ஒன்பது வயது. இடது கண் சோம்பேறிக் கண், அதாவது மூளை சரியாகப் பயன்படுத்தாததால் பார்வை வளராத கண், என்று கண்டுபிடித்து ஐந்து மாதம் ஆகிறது. நல்ல கண்ணுக்கு ஒட்டுப் போட்டு, தினமும் மாலையில் இரண்டு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து மணி கோக்கவும், புள்ளிகளை இணைத்துப் படம் போடவும் வைக்க வேண்டும். நான் எழுந்தால் ஒட்டைப் பிய்த்துவிடுவான். அவன் பாடே பெரும்பாடாக இருக்கும்போது இவளும் சேர்ந்துகொண்டாளே என்று ஆத்திரம் வந்து, வீட்டுக்கு வந்ததும் முதுகில் ஓர் அடி வைத்துவிட்டேன். அவள் அழவில்லை. இரவு தூங்கும் நேரத்தில், "கண்ணாடி வாங்கித் தருவாயா, மாட்டாயா?" என்று மட்டும் கேட்டாள்.

பவர் இல்லாத கண்ணாடி ஒன்றை வாங்கிக் கொடுத்துவிடலாம் என்கிறார் என் கணவர். பொய் சொன்னால் கேட்டது கிடைக்கும் என்று கற்றுக்கொண்டுவிட மாட்டாளா என்று நான் பயப்படுகிறேன். எது சரி?

---

பொன்வண்டு:

என் மகளும் ஆறு வயதில் இதையே செய்தாள். வகுப்பில் அவளுடைய தோழிக்கு ஊதா நிறச் சட்டத்தில் கண்ணாடி வந்த வாரம் அது. ஜீரோ பவர் கண்ணாடி வாங்கிக் கொடுத்தோம். மூன்றாவது வாரம் சோபாவுக்கு அடியில் கிடந்தது. அதற்காகப் பொய் சொல்லும் பழக்கமெல்லாம் வரவில்லை. பெரிதாக்காமல் விடுங்கள்.

---

கீற்றொளி:

நான் ஆப்டோமெட்ரிஸ்ட். இருபத்திரண்டு ஆண்டுகளாகக் குழந்தைகளின் கண்களைப் பரிசோதிக்கிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். குழந்தையை வைத்துக்கொண்டு "நடிக்கிறாள்" என்று சொன்னது தவறு. அந்தச் சொல்லுக்குப் பிறகு அவளால் திரும்பி வர முடியாது. இனி "தெரிகிறது" என்று சொன்னால் பொய்யை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று அவளுக்குத் தெரியும். அதனால் இன்னும் இறுகப் பிடித்துக்கொள்வாள்.

அவர் போட்டது ஒரு ப்ளஸ் லென்ஸும் அதே அளவுள்ள ஒரு மைனஸ் லென்ஸும். இரண்டும் சேர்ந்தால் வெறும் கண்ணாடிதான். இந்த முறையை நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் இது சொல்வது ஒன்றே ஒன்று: பவர் இல்லாமலே இவளால் கடைசி வரியைப் படிக்க முடிகிறது. ஏன் முதலில் படிக்கவில்லை என்பதற்கு இதில் பதில் இல்லை. கண்ணுக்குள் எல்லாம் சரி என்று இதை வைத்து முடித்துவிடவும் கூடாது.

எழுத்து அட்டைக்கே ஒரு குறை உண்டு. 1862-இல் நெதர்லாந்துக் கண் மருத்துவர் ஹெர்மன் ஸ்னெல்லன் வகுத்த முறைதான் இன்றும் பெரும்பாலும் நடக்கிறது. அது முழுக்க முழுக்க, படிப்பவர் வாயால் சொல்வதை நம்பி நிற்பது. குழந்தைகளிடம் நான் வரிசையைத் தலைகீழாக்குவேன். மிகச் சிறிய வரியில் தொடங்கி, அவர்கள் தெரியவில்லை என்று சொல்லச் சொல்ல, மெதுவாக மேலே வருவேன். நடு வரிக்கு வரும்போது அதுவே பெரிய எழுத்தாகத் தோன்றும். படித்துவிடுவார்கள். அல்லது பாதித் தூரத்துக்கு அழைத்து வருவேன். 6 மீட்டரில் 6/18 வரியைப் படிக்கும் கண், 3 மீட்டரில் 6/9 வரியைப் படித்தே ஆக வேண்டும். நெருங்கி வந்தும் அதே வரியில் நின்றால், தடை கண்ணில் இல்லை என்று தெரிந்துவிடும்.

குழந்தையின் வாயையே நம்ப வேண்டாத ஒரு பரிசோதனையும் உண்டு. என் தொழிலில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். அறையை இருட்டாக்கிவிட்டு, ஒரு கை நீளத் தூரத்தில் உட்கார்ந்து, ரெட்டினோஸ்கோப் என்ற கைக்கருவியிலிருந்து மெல்லிய ஒளிக்கீற்றைக் கண்ணின் மேல் பக்கவாட்டில் நகர்த்த வேண்டும். கண்மணிக்குள்ளிருந்து செம்பு நிறத்தில் ஓர் ஒளி எழும். கீற்று போகும் பக்கமே அதுவும் போனால் ஒரு கணக்கு, எதிர்ப்பக்கம் ஓடினால் வேறு கணக்கு. லென்ஸை மாற்றிக்கொண்டே வந்தால் ஒரு கட்டத்தில் அந்த ஒளி எந்தப் பக்கமும் நகராமல், கண்மணி முழுவதும் ஒரே நொடியில் நிறைந்துவிடும். அந்த லென்ஸை வைத்துப் பவரைக் கணக்கிட்டுவிடலாம். பேச்சே வராத கைக்குழந்தைக்கும் இப்படித்தான் பவர் பார்க்கிறோம்.

குழந்தைகளுக்கு இதைச் சொட்டு மருந்து போட்டுச் செய்ய வேண்டும். உங்கள் பதிவில் சொட்டு மருந்து பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. போட்டார்களா? இந்த வயதில் கண்ணுக்குள் இருக்கும் தசைக்குச் சுருங்கும் வலிமை அதிகம். தூரப்பார்வைக் கோளாறு, அதாவது ப்ளஸ் பவர், இருந்தால் அந்தத் தசை அதை மறைத்துவிடும். சில பிள்ளைகளுக்குத் தசை இறுகியே கிடந்து, உண்மையாகவே தூரத்தில் மங்கலாகத் தெரியும். கணினிக் கருவியில் வைத்தால் மைனஸ் பவர் காட்டும். சொட்டு மருந்து போட்டால் தசை தளர்ந்து, அந்த மைனஸ் மறைந்துவிடும். சைக்ளோபென்டோலேட் என்ற சொட்டு மருந்து போட்டால் கிட்டத்தில் படிக்க முடியாது, வெளிச்சம் கூசும். பெரும்பாலும் ஒரு நாளுக்குள் சரியாகிவிடும். விடுமுறை நாளாகப் பார்த்துப் போய் வாருங்கள்.

இன்னொன்று. அண்ணனுக்குச் சோம்பேறிக் கண் என்கிறீர்கள். அது குடும்பத்தில் வரக்கூடியது. நடித்தாலும் நடிக்காவிட்டாலும், தங்கைக்கு இரண்டு கண்ணையும் தனித்தனியே மூடி முழுப் பரிசோதனை செய்தே ஆக வேண்டும். சோம்பேறிக் கண் உள்ள பிள்ளை பெரும்பாலும் புகாரே சொல்லாது, நல்ல கண்ணை வைத்துக்கொண்டு ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே அவள் உங்களைக் கண் மருத்துவமனைக்கு இழுத்துப் போனது நல்லதாகவே போயிற்று.

பவர் உள்ள கண்ணாடியை மட்டும் "சும்மா இருக்கட்டும்" என்று எழுதி வாங்கிவிடாதீர்கள். தேவையில்லாத மைனஸ் போட்டால், அதை ஈடுகட்ட அந்தத் தசை நாள் முழுவதும் உழைக்க வேண்டியிருக்கும். தலைவலி வரலாம்.

---

வேம்பு:

கீற்றொளி சொன்னதோடு என் வீட்டில் நடந்ததையும் எழுத வேண்டும் என்று தோன்றியது. இது உங்களைப் பயமுறுத்த அல்ல, சகோதரி. பஸ் எண்ணைப் படிக்கிறாள், மணியை எடுக்கிறாள், அதனால் கண்ணில் ஒன்றும் இல்லை என்று நீங்கள் எழுதியிருப்பதைப் படித்ததும் எனக்குக் கை நடுங்கியது. நாங்களும் இப்படித்தான் பேசினோம்.

என் மகனுக்கு அப்போது எட்டு வயது. கரும்பலகை தெரியவில்லை என்றான். இரண்டு இடங்களில் காட்டினோம். பவர் பெரிதாக இல்லை, விழித்திரையும் பார்க்க நன்றாகவே இருக்கிறது என்றார்கள். "படிக்கச் சோம்பல், கவனம் ஈர்க்கப் பார்க்கிறான்" என்றார் ஒருவர். நான் நம்பினேன். ஏனென்றால் மைதானத்தில் ஓரமாக வரும் பந்தை அவன் துல்லியமாகப் பிடிப்பான். பந்து தெரிகிறது, எழுத்து தெரியவில்லையா என்று நான் அவனைக் கேட்ட கேள்விகள் இன்றைக்கும் என்னைத் தூங்க விடுவதில்லை.

ஒன்றரை ஆண்டு கழித்து, மூன்றாவது மருத்துவர் அவன் முகத்தை லேசாகத் திருப்பிக்கொண்டு படிப்பதைக் கவனித்தார். விழித்திரையை அடுக்கடுக்காகக் காட்டும் ஸ்கேனும் மின் பரிசோதனையும் எடுத்தார். ஸ்டார்கார்ட் நோய். விழித்திரையின் நடுப்பகுதி மெல்ல மெல்லக் கெடும் பரம்பரை நோய். தொடக்கத்தில் கண்ணுக்குள் பார்த்தால் எதுவும் தெரியாமல் போகலாம். ஓரப் பார்வை நன்றாக இருக்கும். அதனால்தான் பந்து தெரிந்தது, எழுத்து தெரியவில்லை. அவன் ஒரு நாளும் நடிக்கவில்லை.

நோயை முன்பே கண்டுபிடித்திருந்தாலும் அதை நிறுத்தியிருக்க முடியாது. ஆனால் அந்த ஒன்றரை ஆண்டு அவன் தன் வீட்டில் பொய்யனாக இருந்திருக்க வேண்டியதில்லை.

---

கீற்றொளி:

வேம்பு ஐயா, எழுதியதற்கு நன்றி. முல்லை, ஐயாவின் மகனுக்கும் உங்கள் மகளுக்கும் ஒரு வேறுபாடு இருக்கிறது. உங்கள் மகள் வெற்று லென்ஸ் போட்டதும் கடைசி வரி வரைக்கும் படித்திருக்கிறாள். விழித்திரையின் நடுப்பகுதி கெட்டிருந்தால் எந்த லென்ஸைப் போட்டாலும் அப்படிப் படிக்க முடியாது. இது பெரிய ஆறுதல். இருந்தாலும் ஒரு கண் மட்டும் குறைவாக இருப்பது, முகத்தைத் திருப்பிப் பார்ப்பது, இருட்டில் தடுமாறுவது, நிறம் மாற்றிச் சொல்வது, காலையில் தலைவலியோடு வாந்தி, கண்மணியில் வெள்ளையாக ஒளிர்வது, மாறுகண் இவற்றில் எது இருந்தாலும் "நடிப்பு" என்ற சொல்லை ஒதுக்கிவிட்டு உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

---

கடைசி பெஞ்ச்:

நான் இப்போது முப்பத்தாறு வயதுப் பெண். ஒன்பது வயதில் உங்கள் மகள் செய்ததை நானும் செய்தேன். என்னை யாரும் கண்டுபிடிக்கவில்லை. கண்ணாடி கிடைத்துவிட்டது. மைனஸ் அரை.

எனக்கு அழகுக்காகக் கண்ணாடி வேண்டியிருக்கவில்லை. கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கு எனக்குப் புரியவில்லை. எல்லோருக்கும் புரிந்தது, எனக்கு மட்டும் புரியவில்லை. பலகைக்கு அழைத்து நிறுத்தும்போது கையில் சுண்ணக்கட்டி வியர்வையில் ஊறிப் போகும். அந்த ஆண்டு பள்ளியில் கண் பரிசோதனை வந்தது. எனக்கு முன்னால் நின்ற பையனுக்குத் தெரியவில்லை என்றதும் ஆசிரியை அவன் தலையைத் தடவி, "இதனால்தானா இத்தனை நாள் தப்புத் தப்பாக எழுதினாய்" என்று கேட்டார். அந்தத் தடவலை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். என் முறை வந்தது. ஆறாவது வரி கல்லில் வெட்டியது போலத் தெளிவாகத் தெரிந்தது. தெரியவில்லை என்றேன்.

கண்ணாடி போட்ட பிறகும் கழித்தல் புரியவில்லை. அதன்பின் எனக்குச் சொல்லிக்கொள்ள ஒரு காரணமும் இல்லாமல் போயிற்று. உங்கள் மகள் எதற்காக அந்த வரியில் நின்றாள் என்று கண்டுபிடியுங்கள். அடிக்காதீர்கள். அவள் ஏதோ ஒன்றைச் சொல்லத் தெரியாமல் சொல்லியிருக்கிறாள்.

---

மூன்று பேரப்பிள்ளைகள்:

முல்லை, மகளே, நீ எழுதியதை இரண்டு முறை படித்தேன். ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். மாலையில் மூத்தவன் பக்கத்தில் நீ இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கும்போது சின்னவள் எங்கே இருக்கிறாள்?

---

முல்லை:

அம்மா, உங்கள் கேள்வியைப் படித்துவிட்டு வெகுநேரம் பதில் எழுத முடியவில்லை.

அடுத்த அறையில் இருக்கிறாள். "சத்தம் போடாதே, அண்ணன் கவனம் கலையும்" என்று நான்தான் அனுப்பி வைப்பேன். கதவை முழுவதும் சாத்தாமல் நான்கு விரல் அளவு திறந்து வைத்திருப்பாள். ஐந்து மாதமாக.

---

முல்லை:

பதினைந்து நாள் கழித்து எழுதுகிறேன். எல்லோரும் இவ்வளவு அக்கறையோடு எழுதியதால் நடந்ததைச் சொல்வது என் கடமை.

வேறு மருத்துவமனைக்குப் போனோம். கீற்றொளி எழுதிய எல்லாவற்றையும் தாளில் குறித்து எடுத்துப் போயிருந்தேன். மகளை வெளியில் அவள் அப்பாவோடு உட்கார வைத்துவிட்டு, முன்பு நடந்ததை மருத்துவரிடம் தனியாகச் சொன்னேன். சொட்டு மருந்து போட்டுப் பார்த்தார்கள். இரண்டு கண்ணிலும் ப்ளஸ் ஒன்று. இந்த வயதுக்கு இது இயல்புதான், கண்ணாடி தேவையில்லை என்றார். விழித்திரை, நரம்பு எல்லாம் பார்த்தார். நன்றாக இருக்கிறது. சோம்பேறிக் கண்ணும் இல்லை.

சொட்டு மருந்துக்கு முன்னால் ஒரு கறுப்புக் கண்ணாடியை மாட்டிவிட்டு, பெரிய ஈயின் படம் ஒன்றைக் காட்டி, "இறக்கையைப் பிடி" என்றார்கள். அவள் விரல்கள் தாளைத் தொடவே இல்லை. தாளுக்கு மேலே காற்றில், இறக்கை இருப்பதாக அவளுக்குத் தெரிந்த இடத்தில், இரண்டு விரலால் கிள்ளினாள். "ஐயோ!" என்று கையை இழுத்துக்கொண்டு சிரித்தாள். இரண்டு கண்ணும் சேர்ந்து வேலை செய்தால்தான் இறக்கை அப்படி எழுந்து நிற்குமாம். அடுத்திருந்த சின்னச் சின்ன வட்டங்களிலும் எது எழுந்து நிற்கிறது என்று கடைசி வரைக்கும் சரியாகச் சொன்னாள். கண்ணில் நல்ல பார்வை இல்லாமல் அந்தக் கடைசி வட்டங்களைச் சொல்ல முடியாது என்று மருத்துவர் எனக்கு விளக்கினார்.

அவளிடம் அவர் பேசிய விதத்தை நான் மறக்க மாட்டேன். "உன் கண் மிக நன்றாக இருக்கிறது. சில சமயம் களைப்பாக இருக்கும்போது எழுத்து தொல்லை கொடுக்கும். இனி அது குறைந்துகொண்டே வரும். இரண்டு மாதம் கழித்து வந்து எனக்குப் படித்துக் காட்டுகிறாயா?" என்றார். நடிப்பு, பொய் என்று ஒரு சொல்லும் வரவில்லை. அவள் தலையாட்டினாள்.

கண்ணாடி வாங்கவில்லை. பொன்வண்டு சொன்னது தவறு என்பதற்காக அல்ல. அவள் கேட்டது வேறு என்று தெரிந்த பிறகு வாங்க மனம் வரவில்லை.

அடித்ததற்காக அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். பிறகு மூத்தவனின் இரண்டு மணி நேரத்தைப் பிரித்தோம். முதல் ஒரு மணி நேரம் நான். அடுத்த ஒரு மணி நேரம் அவனுடைய அப்பா. அந்த நேரத்தில் நானும் சின்னவளும் மட்டும் இருப்போம். எதுவும் செய்ய வேண்டும் என்பதில்லை. என் மணி நேரத்தில் அவளும் கதவுக்கு இந்தப் பக்கம்தான். ஒட்டு ஒட்டும் நேரத்தையும் எடுக்கும் நேரத்தையும் நோட்டில் எழுதுவது அவள் பொறுப்பு.

மூன்றாம் நாள் அவளாகவே கேட்டாள், "எனக்கும் ஒட்டுப் போடுவாயா?" இது சோம்பேறிக் கண்ணுக்கு மட்டும்தான், நல்ல கண்ணைத் தேவையில்லாமல் மூடி வைக்கக் கூடாது என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். ஓர் ஒட்டை எடுத்துக் கரடி பொம்மைக்கு ஒட்டினாள். அதற்கும் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறாள்.

கீற்றொளி, ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. மூத்தவன் தங்கையிடம் "நீ பொய்தானே சொன்னாய்?" என்று இரண்டு முறை கேட்டுவிட்டான். அவளுக்கு முகம் சுருங்கிவிடுகிறது. ஒன்பது வயதுப் பையனுக்கு இதை எப்படி எடுத்துச் சொல்வது?

---

கீற்றொளி:

அவனுக்கு ஒட்டுப் போட்ட முதல் நாள் எப்படி இருந்தது என்று தங்கையிடம் சொல்லச் சொல்லுங்கள். அவள் கேட்கட்டும். பிறகு கதவுக்கு அந்தப் பக்கம் எப்படி இருந்தது என்று அவள் சொல்லட்டும். நீங்கள் நடுவில் பேச வேண்டாம். இரண்டு மாதப் பரிசோதனைக்குப் போகும்போது இரண்டு பேரையும் ஒரே நாளில் அழைத்துப் போங்கள். முதலில் அவள் படிக்கட்டும்.